ரெண்டு பாட்டிலில் ஒன்று தேறியது

மொட்டை மாடியில் 60 லிட்டர் தொட்டி, நாலு இஞ்ச் பிவிசி பைப், அதில் லெட்யூஸும் புதினாவும். மண்ணில்லாமல் வளர்க்க ஆரம்பித்து எனக்கு இது மூன்றாவது கோடை. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விடுகிறது. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், வேரழுகலுக்குக் கொண்டாட்டம். இந்த முறை ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடையோடு வந்தது.

அவசரத்தில் ஆன்லைனில் ஒரு வேர் பாதுகாப்பு செட் வாங்கினேன், 640 ரூபாய். ஒரு பாட்டிலில் வேரழுகலை எதிர்க்கும் நல்ல பாக்டீரியாவான பேசிலஸ் சப்டிலிஸ் திரவம், இன்னொன்றில் கிருமிகளைக் கொல்லும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ரெண்டையும் லிட்டருக்கு 1 மில்லி வீதம் ஒரே நாளில் விடச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு.

சீட்டை நம்பி ரெண்டையும் ஒரே மக்கில் அளந்து விட்டேன். சர்ரென்று சோடா மாதிரி பொங்கி, நுரை மக்கு விளிம்பைத் தாண்டி என் கையில் வழிந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்து, கொஞ்ச நேரம் சுருசுருவென்று இருந்தது. பேசிலஸிடம் கேட்டலேஸ் என்ற நொதி உண்டு. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அந்தச் சண்டையில் பாக்டீரியாவும் சாகும். ஸ்போராக, அதாவது கெட்டி ஓட்டுக்குள், உறங்குவது மட்டும் ஓரளவு தாங்கும். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "கொதிக்கிற பால்ல உறை ஊத்தின கதையா இருக்கு" என்றார்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "எல்லாரும் சேர்த்துத்தான் ஊத்துறாங்க மேடம்" என்று ஒரே பதில்.

இன்னொரு கோபம், பெராக்சைடை வெள்ளை கண்ணாடிப் பாட்டிலில் அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டாலே வீரியம் குறைகிற சரக்கு அது. தயாரித்த தேதியும் இல்லை.

பாக்டீரியா பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். மில்லிக்கு 10 கோடி பாக்டீரியா என்று லேபிளில் போட்டிருக்கிறது, புளித்த வெல்ல வாசனை. சூடோமோனாஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியாவின் பவுடரில் டால்க் இருப்பதால் போன வருஷம் என் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. இது திரவம், அந்தத் தொல்லை இல்லை. மிச்சமிருந்ததை என் வழியில் பயன்படுத்தினேன். தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் வேறு பெராக்சைடு மட்டும் விட்டேன். பெராக்சைடு இருந்தால் நீலமாகும் டெஸ்ட் ஸ்ட்ரிப், முதல் நாள் நல்ல நீலம், மறுநாள் வெளிர் நீலம், மூன்றாம் நாள் வெள்ளை. அதற்கப்புறம்தான் பேசிலஸ். பத்து நாளில் பழைய வேரின் பக்கவாட்டில் வெள்ளை வெளேரென்று புது வேர். நாலு லெட்யூஸ் போனது போனதுதான்.

பேசிலஸுக்கு நாலு நட்சத்திரம், செட்டுக்கு ஒன்று. பேசிலஸ் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். பெராக்சைடை மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், "காதுக்கா மேடம்?" என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.