பழைய கிராங்க்கை மீட்பதா, புதுசு போடுவதா?

மாமாவிடமிருந்து எனக்கு வந்த ஹொண்டா சிஜி 125 போன வருஷம் உள்ளே தட்டத் தொடங்கியது. பிஸ்டன் சத்தமென்றால் எஞ்சின் சூடேறியதும் அடங்கும். இது சூடேறி எண்ணெய் இளக இளகக் கூடியது. கொழும்பில் மருதானைப் பாலத்தில் ஏறும்போது கால்மிதியிலேயே அதிர்வு தெரிந்தது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க், அதோடு பிஸ்டனின் ரொட் சேரும் இடத்தில் இருப்பது பெரிய முனை பெயாரிங். அதுதான் போய்விட்டதென்று அப்போதே நினைத்தேன்.

எனக்கு இருந்த வழிகள் மூன்று. பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுவது, சீனத் தயாரிப்பான புது கிராங்க் செட் போடுவது, அல்லது பழைய கிராங்க்குக்குக் கொனெக்டிங் ரொட் கிட் (ரொட், பெயாரிங், கிராங்க்கின் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் பின் என்ற உருளை) வாங்கி லேத் பட்டறையில் அழுத்தி எடுப்பது. நான் மூன்றாவதைத்தான் செய்தேன். இன்றைக்கு மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

காசு செலவழிக்க முன் சோதித்துப் பார்ப்பது முக்கியம். சிலிண்டரைக் கழற்றி, ரொட்டின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய் இருந்தால் இடைவெளி தெரியாது. பிறகு ரொட்டை நேராகப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பயப்பட வேண்டாம், அந்த அசைவு இருக்கத்தான் வேண்டும். சின்ன ஹொண்டாக்களில் பொதுவாக அது 0.80 மில்லிமீற்றர் வரை போகலாம். மேல்கீழ் அசைவுதான் ஆபத்து, 0.05 தாண்டினால் கிராங்க்கை வெளியே எடுக்கத்தான் வேணும். என்னுடையது இழுத்தவுடன் ‘டிக்’ என்று விரலில் அடித்தது.

பாவித்த எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் கிராங்க் எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறியது, வாங்குபவர்களும் எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

புது செட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. சிஜி எஞ்சினைச் சீனாவில் பல கம்பனிகள் அப்படியே நகலெடுத்துச் செய்வதால் செட் கிடைப்பது சுலபம், காலையில் வாங்கி மாலையில் பூட்டிவிடலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்கும் என்றில்லை. மெக்னட் உட்காரும் கூம்பு, சாவிப் பள்ளம், கேமைச் சுற்றும் பற்சில்லு எல்லாவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரரிடம், “நானா, இதை லேத்தில வச்சுப் பார்த்திட்டு வரலாமா?” என்று கேட்டேன். “கொண்டுபோய்ப் பாருங்க தம்பி, சரியில்லாட்டி திருப்பித் தாங்க” என்றார். டயல் கேஜில் வைத்துச் சுழற்றியபோது தண்டின் ஆட்டம், அதாவது நேரிலிருந்து விலகும் அளவு, 0.09 மில்லிமீற்றர் காட்டியது. பொதுவாக 0.10 தான் எல்லை. பெட்டியைத் திறந்த அன்றே கிராங்க் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது!

என் முடிவுக்குக் காரணம் இந்த ஆட்டம்தான். புது செட்டையும் லேத்தில் நேராக்கத்தான் வேண்டுமென்றால், அதில் மிச்சமாகும் வேலை என்ன? நிமிடத்துக்கு 6000 சுற்றில் கிராங்க் ஒரு விநாடிக்கு 100 தடவை சுழல்கிறது. தண்டு கோணினால் ஒவ்வொரு சுற்றிலும் மெயின் பெயாரிங் அடி வாங்கும். முன்பு வைத்திருந்த பைக்குக்கு ஓர் இடத்தில் கிட் போட்டு, கேஜ் வைக்காமல் கண்மதிப்பில் தந்தார்கள். 4000 கிலோமீற்றரில் மெயின் பெயாரிங் போனது. கிட்டில் குறையில்லை, நேராக்காததுதான் குறை.

இந்தத் தடவை கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு லேத் பாஸிடம் பக்கத்திலேயே நின்றேன். பிரிக்க முன் கிராங்க்கின் இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் குறுக்கே ஒரே கோடு கீறினார். புதுப் பின் உள்ளே போகும்போது பிரெஸ் முனகியது. அது நல்ல அறிகுறி. லேசாக வழுக்கிப் போனால் சக்கரத்தின் துளை தேய்ந்துவிட்டது, அந்தச் சக்கரத்தை விட்டுவிட வேண்டியதுதான். பின்னின் எண்ணெய்த் துளை சக்கரத்தின் துளைக்கு நேரே வருகிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தார். இது தவறினால் பெரிய முனைக்கு எண்ணெய் போகாது.

அழுத்திச் சேர்த்த பிறகு தண்டின் ஆட்டத்தில் முதல் அளவு 0.18. தண்டின் இரண்டு முனையும் எதிரெதிராக ஆடினால் பின்னில் சக்கரங்கள் முறுகியிருக்கின்றன, செப்புச் சுத்தியலால் விளிம்பில் தட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் ஆடினால் சக்கரங்கள் ஒரு பக்கம் நெருங்கியோ விரிந்தோ இருக்கின்றன, அதற்கு ஆப்பு அல்லது வைஸ். தட்டுவார், அளப்பார், தலையாட்டுவார், மறுபடி தட்டுவார். முக்கால் மணி நேரத்தில் 0.02. கிட்டும் கூலியும் சேர்த்து செட்டின் விலைக்குக் கிட்டத்தான் வந்தது, அதனால் மலிவென்று சொல்லமாட்டேன். ஆனால் சக்கரங்கள் ஹொண்டாவின் சொந்த உருக்கு, துளை இறுக்கமாக இருக்கும்வரை இன்னொரு கிட்டும் ஏற்கும்.

இதுவரை 6000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறேன், சத்தமில்லை. இரட்டைச் சிலிண்டர் சிடி 125 வைத்திருப்பவர்கள் என் பேச்சை அப்படியே எடுக்க வேண்டாம். அந்தக் கிராங்க்கில் அழுத்திப் பொருத்திய துண்டுகள் அதிகம், நான் அதைச் செய்ததில்லை.

எதைப் போட்டாலும், வலப்பக்கக் கவருக்குள் கிராங்க்கோடு சுழலும் எண்ணெய் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் விரல் தடிப்புக்குக் கரும்பசை உறைந்திருந்தது. பழைய பெயாரிங் எண்ணெய்க்கு ஏங்கித்தான் செத்திருக்கிறது. அதை ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டி, பெற்றோலில் கழுவிய பிறகுதான் கவரை மூடினோம்.