"ஆறரை மணி நேரத்தில் இறங்கிடலாம்" என்ற ஏஜென்ட்டை நம்பாதீர்கள்

லண்டனிலிருந்து நியூயார்க், அங்கிருந்து உள்நாட்டு விமானம். தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால் மலிவு என்றார் டிராவல் ஏஜென்ட். பணம் கட்டியதும் கையில் கிடைத்தது டிக்கெட் இல்லை, அவரே டைப் செய்த பயணத்திட்டம். "தூரம் 5,570 கி.மீ., நேரம் 6 மணி 30 நிமிடம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் நியூயார்க்கில் மூன்று மணி நேர இடைவெளி.

இ-டிக்கெட் கிளம்பும் முந்தைய இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. புறப்பாடு 10:00, வருகை 13:05, இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னால் இருப்பதால் பயணம் 8 மணி 5 நிமிடம். இடைவெளி பாதிக்கும் கீழே போய்விட்டது. போன் செய்தால், "ஃபிளைட் எப்பவும் சீக்கிரமே வந்திடும் சார்" என்கிறார்.

விமானம் சரியாக டிக்கெட்டில் இருந்த நேரத்துக்கு வந்தது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். கவுண்டருக்கு ஓடியபோது செக்-இன் மூடியாகிவிட்டது. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். இது தனி டிக்கெட், கையை விரித்துவிட்டார்கள். போகும்போது ஏறாததால் அதிலிருந்த திரும்பும் பயணமும் ரத்து!

அந்த ஆறரை மணி, இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் காட்டும் இணையதளத்தில் எடுத்தது. உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வழியை எடுத்து, மணிக்கு 850 கி.மீ. போல ஒரு வேகத்தால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடிப்பதும், பாதை வளைவதும் அதில் வராது.

முக்கியமாக, அந்தக் கணக்கில் காற்று வராது. விமானம் பறக்கும் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதனால் நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும் அதே தூரத்துக்கு, திரும்பி வர ஏழுக்குள் முடிந்துவிடும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று தள்ளியதில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இணையதளமோ இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

பணம் கட்டும் முன் விமான எண்ணைக் கேளுங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் உண்மையான நேரம் தெரிந்துவிடும். எண் தர மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். "டைரக்ட் ஃபிளைட்" என்றால் நடுவில் எங்காவது நிற்குமா என்றும் கேளுங்கள். எண் மாறாமல் வழியில் இறங்கி ஏறும் விமானத்தையும் அப்படித்தான் விற்கிறார்கள்.

நம்ம ஆள் இன்னும் "ஏர்லைன் லேட்" என்றே சாதிக்கிறார். கமிஷனை மட்டும் திருப்பித் தருகிறாராம். அதுவும் வரவில்லை.