அம்மாவின் காய்ச்சலும் ஐந்தாம் நாள் வந்த கல்ச்சர் முடிவும்

பொங்கலுக்காக லண்டனிலிருந்து மூன்று வார விடுப்பில் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். அதில் பன்னிரண்டு நாட்கள், சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட அம்மாவுடன் ஒரு தனியார் மருத்துவமனையில் கழிந்தன. வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அங்கே கண்டதை எழுதுகிறேன்.

சேவையின் வேகத்தில் எனக்குக் குறையில்லை. இரவு பதினொரு மணிக்கு நடுக்கலும் காய்ச்சலுமாக அம்மாவை அழைத்துச் சென்றோம். கால் மணி நேரத்தில் மருத்துவர் பார்த்தார், கட்டில் கிடைத்தது, டிரிப்ஸ் ஏறத் தொடங்கியது. லண்டன் அவசரப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகிய எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆண்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன், கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுக்கவில்லை. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வகம் சொல்ல இரண்டு மூன்று நாட்களாகும். அதுவரை மருத்துவர் அனுமானத்தின் பேரில் மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மாதிரியை முதலிலேயே எடுத்து வைத்தால்தான் அந்த அனுமானத்தைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. மருந்து உடலுக்குள் போன பின் எடுத்தால், கிருமி இருந்தும் ஆய்வகத்தில் வளராமல் போய்விடலாம். காய்ச்சல் இறங்காததால் மூன்றாம் நாள் நான் கேட்ட பிறகே மாதிரி ஆய்வகத்துக்குப் போனது.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. இ.கோலை கிருமி; மருந்துப் பெயர்களுக்கு எதிரே, கேட்காது என்பதைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்தே அதிகம். செஃப்ட்ரியாக்ஸோனுக்கு எதிரிலும் அதுவே. அந்த வகை மருந்துகளையெல்லாம் சிதைத்துவிடும் ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியை இந்தக் கிருமி சுரக்கிறது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி அதை இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்கும்கூட, கைமாற்றிக் கொடுத்துவிட முடியும். அன்று முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மெரோபெனம் என்ற வேறு வகை ஆண்டிபயாடிக், ஏழு நாட்கள். முதல் நான்கு நாள் ஊசிகளால் அம்மாவுக்குப் பயன் ஏதும் இல்லை.

வீட்டில் மதினி சொன்ன பிறகுதான் கதையின் தொடக்கம் தெரிந்தது. நான் வருவதற்கு முன் எரிச்சல் இருந்ததென்று, தெருமுனை மெடிக்கலில் செஃபிக்ஸிம் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டுவிட்டு, சற்றுக் குறைந்ததும் அம்மா நிறுத்தியிருக்கிறார். கடையில் போய்க் கேட்டேன். "எப்பவும் குடுக்கிறதுதான தம்பி, சின்ன எரிச்சலுக்கு எதுக்கு ஆசுபத்திரி?" என்றார் அண்ணாச்சி. அவர் மனத்தில் தீங்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் செஃபிக்ஸிம், மெரோபெனம் போன்றவை 2014 மார்ச் முதல் இந்திய மருந்து விதிகளின் ‘எச்1’ அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். இதற்கெல்லாம் முன்பே, 2012இல் நம் சென்னையில் கூடிய மருத்துவர் அமைப்புகள் வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ இதே சிக்கலைச் சுட்டிக்காட்டி நடைமுறைக்கு உகந்த திட்டத்தை முன்வைத்தது. விதி இருக்கிறது, அறிவும் இருக்கிறது. தெருமுனைக் கடைவரை அது வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மெரோபெனமும் கேட்காத நிலை வெறும் கற்பனையன்று. அவ்வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2010இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு முதன்மையான பங்குண்டு. அதில் சென்னையில் 44 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் அது காணப்பட்டது. பிரிட்டன் நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து போனவர்கள். லண்டனில் மருத்துவமனையில் சேரும்போது, கடந்த ஓராண்டில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினீர்களா என்று கேட்பதன் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது.

வார்டில் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் சிறுநீர்க் குழாய் இரண்டு நாள் அப்படியே இருந்தது. அது இருக்க இருக்கப் புதுத் தொற்றுக்கு வழி என்று அறிந்திருந்ததால், எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சிஸ்டர் உடனே மருத்துவரைக் கேட்டு எடுத்துவிட்டார். அவர் ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் கை கழுவினார். கட்டிலில் உட்கார்ந்து நலம் விசாரித்த நம் உறவினர்களில் அப்படிச் செய்தவர் அரிது.

வீடு திரும்பும் நாளில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிறுநீர்த் தொற்று’ என்று மட்டும் இருந்தது. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் வேறொரு மருத்துவர் மறுபடியும் செஃப்ட்ரியாக்ஸோனில்தான் தொடங்குவார் என்று சொன்னேன். இளம் மருத்துவர் தாளை வாங்கி, கிருமியின் பெயரையும் கேட்ட மருந்துகளையும் கேட்காத மருந்துகளையும் தம் கையாலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மதினி அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அம்மாவின் பைக்குள்ளும் மற்றொன்றை ரேஷன் கார்டு இருக்கும் உறைக்குள்ளும் வைத்தார்.