பத்து ஆண்டுகளாக டிரேசிங் பேப்பரில் டைனோசர் வரைகிறேன்

டைனோசர் வரைய என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் டிரேசிங் பேப்பரைத்தான் சொல்வேன். நல்ல பென்சில் எல்லாம் அப்புறம்.

முறை எளிது. அடியில் அளவு சரியாக உள்ள எலும்புக்கூட்டுப் படம். அதன்மேல் ஒரு தாளில் தசை. அதற்கும் மேல் இன்னொரு தாளில் தோல் அல்லது இறகு. கண்மதிப்பில் வரைந்த காலத்தில் என் டைரனோசாரஸின் வால் சாட்டைபோல் மெலிந்திருக்கும். தசைத் தாள் போட ஆரம்பித்த பிறகுதான் தப்பு புரிந்தது. வாலின் அடிப்பகுதியிலிருந்து தொடை எலும்புக்கு ஒரு பெரிய தசை போகிறது. காலைப் பின்னால் இழுப்பது அதுதான். அது பற்றியிருந்த மேடு தொடை எலும்பில் இன்றும் தெரிகிறது. அந்தத் தசையை வரைந்துவிட்டால் வால் தானாகவே பருத்துவிடும். கைகளும் அப்படித்தான். உள்ளங்கைகள் தரையைப் பார்க்காமல், கைதட்டப் போவதுபோல் ஒன்றையொன்று பார்த்திருக்கும். முயல்போல் கையைத் தொங்கவிட முன்கை எலும்புகள் இடம் கொடுப்பதில்லை.

ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் வால் உயரமான துடுப்புபோல் இருந்தது என்று மொராக்கோவில் கிடைத்த புதைபடிவத்தை வைத்து 2020இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. முழுப் படத்தையும் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. வாலுக்கு மட்டும் புதுத் தாள் போட்டேன், காலும் கழுத்தும் அப்படியே இருந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை விடமாட்டேன்.

குறைகளும் உண்டு. தண்ணீர் பட்டால் தாள் அலையலையாகச் சுருங்கிவிடும், அதனால் வாட்டர்கலர் வேண்டாம். 6பி போன்ற மிக மென்மையான பென்சில் கை பட்டால் ஈஷிக்கொள்ளும். நான் 2பிக்கு மேல் போவதில்லை. மலிவான தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறி ஓரம் நொறுங்கும். என் ஆரம்பகாலப் படங்கள் பல அப்படித்தான் போயின, இன்னும் வருத்தமாக இருக்கிறது. இப்போது முடித்த கையோடு ஸ்கேன் செய்துவிடுகிறேன்.

நிறத்துக்கும் தனித் தாள்தான், அதில் கலர் பென்சில். சினோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும் பட்டைகள் இருந்ததை, அதன் இறகிழைகளில் தங்கியிருந்த மெலனோசோம்களை, அதாவது நிறமி அடங்கிய நுண்ணிய பைகளை வைத்து 2010இல் கண்டறிந்தார்கள். அந்தப் பட்டைகளை வரைந்த நாளை மறக்க முடியாது. நான் கற்பனை செய்யாமல் பூசிய முதல் நிறம் அது. ஆதாரம் கிடைக்காத விலங்குகளுக்கு நிறத் தாளை ஒன்றுக்கு இரண்டாக வரைந்து வைக்கிறேன். டைரனோசாரஸுக்கு இதுவரை நான்கு ஆகிவிட்டன. அடியில் இருக்கும் எலும்புப் படம் மட்டும் அதே ஒன்றுதான்.