சூசாமா, ஹோங்சாமா? கும்சானில் இரண்டு முறை வாங்கியவனின் கணக்கு

தென் கொரியாவின் தேஜோன் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கும்சான். ஜின்செங் என்கிற மருந்து வேரின் கொரிய வியாபாரத்தில் பெரும்பங்கு நடக்கிற ஊர். முதல் தடவை சூசாம் வாங்கினேன், அடுத்த வருடம் ஹோங்சாம். இரண்டும் ஒரே செடியின் வேர்தான். மண்ணிலிருந்து எடுத்தபடியே விற்றால் சூசாம். தோலோடு ஆவியில் அவித்துக் காயவைத்தால் ஹோங்சாம், அதாவது சிவப்பு ஜின்செங். நடுவில் அவிக்காமல் உலர்த்திய பெக்சாமும் உண்டு. அதைத் தேநீருக்காக ஒரே ஒரு முறை வாங்கியிருக்கிறேன், அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நாலு வருட வேரா, ஆறு வருட வேரா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஹோங்சாமுக்குப் பெரும்பாலும் ஆறு வருட வேர்தான் பெயர் பெற்றது. வேரின் கழுத்தில் வருடத்துக்கு ஒரு தழும்பு இருக்கும், எண்ணிப் பார்க்கலாம்.

இனி என் தவறு. சூசாமை அங்கே 'சே' கணக்கில் விற்கிறார்கள். ஒரு சே 750 கிராம். எனக்கு அதில் பத்து வேர் வந்தது. கடைக்கார அம்மா பாசியும் மண்ணுமாகச் சுற்றிக் கொடுத்து, "கழுவாதே" என்று இரண்டு தரம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் தேய்த்துக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒன்பதாம் நாள் நாலு வேர் கைவைத்தால் வழுக்கியது, கழுத்துப் பக்கம் வெள்ளைப் பூஞ்சை. வேரில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை அப்புறம்தான் யோசித்தேன்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: எவ்வளவு நாள் நிற்கும்? இது இன்றைய கேள்வியும் இல்லை. 1123-இல் கொரியோவுக்கு, அதாவது அன்றைய கொரிய அரசுக்கு, தூதுக்குழுவோடு வந்த சீனரான ஷு ஜிங், பச்சை வேருக்கு மருந்தில் முழுச் சுவை உண்டு, ஆனால் கோடை வந்தால் பூச்சி அரிக்கும், அவித்ததுதான் நெடுநாள் நிற்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். நம்மூரில் மஞ்சளை அவித்துக் காயவைக்கிற மாதிரிதான். ஆவியில் மாவுச்சத்து வெந்து, காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம் வரும்.

விலையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிராம் கணக்கில் ஹோங்சாம் பல மடங்கு. ஆனால் சூசாமில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு. என் கணக்கில் குப்பைக்குப் போன நாலு வேரையும் சேர்த்தேன், வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

ஹோங்சாமிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கத்தி இறங்காது. ஆவியில் கொஞ்சம் இளக்கித்தான் சீவ முடியும், அப்புறம் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கசப்பு நாக்கிலேயே தங்கும். சம்கேதாங் என்கிற கோழி சூப் வைக்க வேண்டுமென்றால் சூசாம்தான், கோழி வயிற்றுக்குள் அரிசியோடு ஒரு சின்ன வேர் போதும். கும்சான் தெருவில் மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிற ஜின்செங்கும் சூசாமே. அந்த இரண்டுக்கும் ஹோங்சாமைத் தேடி அலையாதீர்கள்.

உடம்புக்கு எது மேல் என்பதில் என் அனுபவம் மெலிது. அவிக்கும்போது ஜின்செனோசைடுகள் என்கிற, வேரின் முக்கியச் சத்துப் பொருள்களில் சில வேறு வடிவம் எடுக்கின்றன என்பது உண்மை. எனக்குத் தெரிந்த மாற்றமெல்லாம் குளிர்காலக் காலைகளில் கொஞ்சம் சுறுசுறுப்பு, அது சூடான கஷாயத்தாலேயேகூட இருக்கலாம். கொரிய மரபிலேயே எல்லாருக்கும் ஜின்செங் கொடுப்பதில்லை. இ ஜேமா என்ற கொரிய வைத்தியர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த நான்கு உடல்வாகு முறையில், இது குளிர்ந்த உடம்புக்காரர்களுக்கு உரியது, சூட்டு உடம்புக்கு ஆகாது. அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் ஊருக்கு எதையும் அனுப்பவில்லை.

வாங்கிய ஹோங்சாம் டப்பாவுக்கு இது இரண்டாவது குளிர்காலம். இன்னும் மூன்று வேர் பாக்கி, ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை.