பூட்டு, பல், கறுப்புப் பூச்சு: கத்தியில் எனக்கு வேண்டியதும் வேண்டாததும்

கத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். புதுக் கத்தி எதுவாக இருந்தாலும் காகிதத்தைச் சர்ரென்று கிழிக்கும், அதில் என்ன இருக்கிறது. இங்கே சொல்லப்போவது வருடக்கணக்கில் என் கையில் புழங்கிய கத்திகளைப் பற்றி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை நாற்றங்காலில் வேலை, வீட்டில் சமையல், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் வாழையும் மரவள்ளியும். கத்தியைத் தொடாத நாள் கிடையாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இடதுகைக்காரி. கீழே சொல்லும் சண்டைகளில் பாதி அதனால் வந்தவைதான்.

வீட்டில் இந்த விஷயத்தில் மூன்று கட்சி. தம்பி மடக்குக் கத்திப் பிரியன், எஃகின் பெயரையும் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்வான். மாமா, அதாவது என் மாமனார், பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவருக்குப் பளபளப்பாக இருக்கும் எந்தக் கத்தியும் கத்தியே இல்லை. மூன்றாவது நான்.

பெரிய சண்டை கனத்தில்தான். தம்பிக்குக் கத்தியின் முதுகு நாலு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். "அக்கா, இத வச்சு கதவையே நெம்பலாம்" என்பான். கதவை நெம்பக் கடப்பாரை இருக்கிறதே, அதை எதற்குச் சட்டைப்பையில் சுமக்க வேண்டும்? அவன் இணையத்தில் வாங்கிய கறுப்புக் கத்தி ஒன்று வீட்டில் கிடக்கிறது, நானும் நிறைய பயன்படுத்திவிட்டேன். கூர் என்னவோ நல்ல கூர்தான். ஆனால் பறங்கிக்காயில் பாதி இறங்கியதும் ஆப்பு அடித்ததுபோல நின்றுவிடும், அதற்கு மேல் அமுக்கினால் காய் வெடித்துப் பிளக்கும், வெட்டாது. கூர் என்பது விளிம்பில் மட்டும் இல்லை. விளிம்புக்குப் பின்னால் இரும்பு எவ்வளவு தடிமனாக ஏறுகிறது என்பதுதான் வெட்டைத் தீர்மானிக்கிறது. இது புரியாமல் எஃகைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிரயோஜனமில்லை.

இதற்கு நேர்மாறு தாய்லாந்திலிருந்து வரும் கிவி கத்தி. ஹார்ட்வேர் கடையிலும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. தகடு அவ்வளவு மெல்லிசு, விரலால் அழுத்தினால் வளையும். எஃகு மென்மையானது, அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் மினுக்குப் பூச்சு இல்லாத அந்த வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வெங்காயத்துக்குத் தயார். தம்பி வைத்திருக்கும் டி2 எஃகில் கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவில். கூர் நாள்கணக்கில் நிற்கும், உண்மை. மழுங்கிவிட்டால் மட்டும் சாதாரணக் கல்லில் மாலை முழுக்க உட்கார வேண்டும். எனக்கு அவ்வளவு பொழுது இல்லை. சுவிஸ் விக்டரினாக்ஸ் கத்திகளின் கடினம், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 பக்கம்தான் இருக்கும், கத்தி ரசிகர்கள் அது மென்மை என்று முகம் சுளிப்பார்கள், எனக்கு அது சரியான இடம்.

மாமாவின் பால் வெட்டும் கத்தியைப் பார்த்த பிறகுதான் இந்த மெல்லிய விளிம்பு விஷயம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. ஜெபோங் கத்தி என்பார்கள், மலேசியத் தோட்டங்களில் அதுதான் பரவலாக இருந்தது. நுனி மடிந்து ஆங்கில வி எழுத்து வடிவில் நிற்கும், தன் பக்கம் இழுத்து வெட்ட வேண்டும். அவருடையதை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறார். தீட்டித் தீட்டி அந்த மடிப்பின் ஒரு பக்கம் தேய்ந்து மற்றப் பக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டது, பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கிறது. மரப்பட்டையில் ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். உள்ளே பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் கேம்பியம் என்ற வளரும் படலத்தில் கத்தி பட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியும் முன்னே நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். "கத்தி வெட்டக் கூடாதும்மா, சீவணும்" என்று மாமா சொல்வார். அடுத்த ஊரான கோலகங்சாரில் 1877இல் வந்த கன்றுகளின் காலத்து ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்கப் போனபோதுகூட அவர் மரத்தின் வயதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பட்டையைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவரோடும் எனக்கு ஒத்துப்போகாத இடம் உண்டு. கறைபடாத எஃகில் பதம் நிற்காது என்பது அவர் கட்சி. அது பழைய காலத்துப் பேச்சு. ஸ்வீடன் மோரா கத்தியில் வரும் 12சி27 எஃகு கறைபடாததுதான், நல்ல பதம், தீட்டவும் சுலபம். நம் ஊர் ஈரத்துக்குச் சாதாரண கார்பன் இரும்பை ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. மாங்காய் நறுக்கினால் அலகு கறுக்கும், மாங்காயும் இரும்பு வாசம் அடிக்கும். ரப்பர் பால் உறையவைக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம். சமையலறைக்குக் கறைபடாதது, வெளிவேலைக்குக் கார்பன், இதுதான் என் கணக்கு.

வெளிவேலை என்றால் பாராங், நம் வெட்டரிவாள் மாதிரி நீளக் கத்தி. லோரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்தது எங்களுடையது, விளிம்பு இரு பக்கமும் லேசாக உப்பி இறங்கும். வாழை வெட்ட, புதர் சாய்க்க அந்த உப்பல் வேண்டும், ஓங்கி வெட்டும்போது மரத்தில் சிக்காமல் வெளியே வரும். கனம் நல்லது என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே கத்தி இதுதான், அதுவும் அது ஓங்கி வெட்டுவது என்பதால். சட்டைப்பைக் கத்தியை யாரும் ஓங்கப் போவதில்லையே.

இனி பல். பாதி அலகு வழவழப்பு, பாதி ரம்பப் பல் என்று வருகிறதே, அதைக் கண்டுபிடித்தவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். பல்லை எங்கே வைக்கிறார்கள்? பிடிக்குப் பக்கத்தில். கைக்கு முழு பலமும் கட்டுப்பாடும் இருக்கும் இடம் அதுதான், குச்சி சீவ, முடிச்சுக்குள் நுழைக்க எனக்கு அந்த இடம் வேண்டும். ரஃபியா கயிற்றுக்கும் உரமூட்டைத் தையலுக்கும் பல் நன்றாக வேலை செய்யும், அதில் தம்பி சொல்வது சரி. ஆனால் நாற்றங்காலில் கன்றைச் சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றும்போது பிளாஸ்டிக்கை மேலிருந்து கீழே ஒரே கோடாகக் கிழிக்க வேண்டும், மண் உடையக் கூடாது, வேர் அறுபடக் கூடாது. பல் அங்கே பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு நிற்கும், இழுத்தால் மண் முழுக்கக் கையோடு வரும். போதாததற்குப் பெரும்பாலான கத்திகளில் பல்லை ஒரு பக்கம் மட்டுமே அரைத்திருப்பார்கள், வலதுகைக்குத் தோதாக. என் கையில் அது வெட்டுகிற கோட்டிலிருந்து விலகி ஓடும்.

கூர்முனையும் அந்த வேலைக்கு ஆகாது, உள்ளே குத்திவிடும். விளிம்பு நேராகவும் முதுகு வளைந்து இறங்கி முனை மழுங்கியும் இருக்கும் கத்திதான் நாற்றங்காலுக்கு. அதே கத்தியால் மீன் வயிற்றைக் கீறவோ காலில் ஏறிய செம்பனை முள்ளை எடுக்கவோ முடியாது, அதற்குக் கூர்முனை வேண்டும். எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்று விற்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பூட்டு, அதாவது விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு, அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. உள் தகடு ஒதுங்கிவந்து அலகைத் தாங்கும் லைனர் பூட்டு, 1980களில் அமெரிக்காவில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் செம்மைப்படுத்தியது, இன்று பாதி மடக்குக் கத்திகளில் அதுதான். மடக்கும்போது கட்டைவிரலை அலகு வரும் பாதையிலேயே வைத்துத் தள்ள வேண்டும். வலதுகைக்காரர்களுக்கு அது பழகிவிடும். எனக்கு அந்தத் தகடு தப்பான பக்கத்தில் இருக்கிறது, விரலை மடித்துத் திருகி ஒரு கூத்து. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினேல் 1890இல் தொடங்கிய கத்தியில் 1955இல் ஒரு வளையப் பூட்டு சேர்த்தார்கள், வளையத்தைத் திருகினால் அலகு நிற்கும், எந்தக் கைக்கும் ஒன்றுதான். எனக்கு மடக்குக் கத்தி என்றால் எட்டாம் நம்பர் ஒபினேல், எட்டரை சென்டிமீட்டர் அலகு, மெல்லிசு. பீச் மரப்பிடி மழைக்காலத்தில் உப்பும், திறக்க விரல் நோகும், அது மரத்தின் குணம். வெயில் அடித்தால் தானாக இளகிவிடும், கொஞ்சம் எண்ணெயும் தடவி வைக்கலாம்.

தம்பிக்கு ஒரு இடத்தில் நான் தோற்றேன் என்றே சொல்லலாம். அலகில் வட்ட ஓட்டை போட்டு ஒரு கையால் திறக்கும் முறை, ஸ்பைடர்கோ 1981இல் கொண்டுவந்தது, எனக்கு முதலில் பார்க்கவே பிடிக்காது. ஆனால் ஓட்டை இரண்டு பக்கமும் ஓட்டைதான், இடதுகைக்கும் அதே சுகம். பழைய கத்திகளில் நகம் வைத்துத் திறக்கும் கீறல் வலதுகைக்காரர்களுக்கான பக்கத்தில்தான் இருக்கும். ஒரு கையில் கன்றுப் பையும் மறு கையில் கத்தியுமாக நிற்பவளுக்கு ஓட்டையின் அருமை தெரியும்.

பிடியைப் பற்றி ஒரே பேச்சு: விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பிடி வேண்டவே வேண்டாம். அது யாரோ ஒருவர் கைக்கு அளவெடுத்தது. என் விரல்கள் மேட்டின்மேல் உட்காரும், அரை மணி நேரத்தில் வலிக்கும். மென்ரப்பர் பூசிய பிடியும் நம் ஊர் வெக்கைக்கு ஓரிரு வருடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது, தம்பியின் கறுப்புக் கத்திக்கு அதுதான் கதி. கறுப்புப் பூச்சும் விளிம்பு ஓரமாக உரிந்துவிட்டது. கறுப்பு நிறமே தோட்டத்துக்கு ஆகாது, காய்ந்த ஓலைக்குள் விழுந்தால் தேட முடியாது. என் மோராவின் பிடி ஆரஞ்சு. "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குக்கா" என்கிறான். இருக்கட்டும், விழுந்த இடத்தில் கிடைக்கிறது. அந்த மோரா, அலகு பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல், முதுகு இரண்டரை மில்லிமீட்டர், உறையோடு இடுப்பில் தொங்கும், பூட்டே தேவையில்லை, கழுவவும் லேசு.

உறைக் கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போலீஸ் நிறுத்தினால் வெங்காயம் நறுக்க என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் அது ஸ்டோரிலேயே தங்கிவிடும்.

தம்பி இப்போது டைட்டானியப் பிடி போட்ட இன்னொரு மடக்குக் கத்தியைப் பார்த்து வைத்திருக்கிறான். விலையைக் கேட்டு மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அலகின் விளிம்புக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டர் என்றும், சட்டைப்பையில் மாட்டும் கிளிப்பை இடது பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்றும் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.