குன்னூர்ப் பள்ளிவாசல் மாடியில் நாவடக்க வகுப்பு: ஒரு மதிப்புரை

பேச்சிலும் நடத்தையிலும் மடமை எது, விவேகம் எது என்பதைக் குர்ஆனையும் நபிமொழிகளையும் கொண்டு விளக்கும் வார வகுப்பொன்று, குன்னூரில் ஒரு பள்ளிவாசலின் மாடியில், மக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்கும் இஷா என்னும் இரவுத் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டியதும் இல்லை. வெள்ளிக்கிழமை பயானைப் போல ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போகும் ஏற்பாடு அல்ல இது. வாரத்துக்கு ஓர் இறைவசனத்தையோ நபிமொழியையோ எடுத்துக்கொண்டு, வகுப்பை நடத்தும் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் விளக்குகிறார். பிறகு கடையிலும் வீட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் தங்களுக்கு நேர்ந்ததை முன்வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஒரு சுற்று முழுவதையும் கேட்டவன் என்ற முறையில், போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மடமை என்பது படிப்பின்மை அல்ல என்பதை முதல் வகுப்பிலேயே நிறுவிவிடுகிறார்கள். பசுவை அறுக்குமாறு இறைவன் கட்டளையிடுவதாக மூஸா நபி சொன்னபோது, ‘எங்களைக் கேலி செய்கிறீரா?’ என்று மக்கள் கேட்டார்கள். ‘அறிவிலிகளில் ஒருவனாகிவிடாமல் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன்’ என்று அவர் விடையளித்தார் (குர்ஆன் 2:67). இறைவன் பெயரைச் சொல்லி மனிதர்களை நையாண்டி செய்வதே அறிவின்மை என்றால், பட்டம் பெற்றவனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக்கூடும். வகுப்பின் வரிசைமுறைக்கு இடைக்கால அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ என்னும் நூலில் நாவின் கேடுகளைப் பற்றி வரும் பகுதியை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அங்கே எண்ணப்படும் இருபது கேடுகளில் முதலில் வருவது பொய்யும் அல்ல, புறமும் அல்ல. தனக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுவது. இதைக் கேட்டதும் அறையில் எழுந்த சிரிப்பு, எத்தனை பேர் தங்களையே அதில் கண்டுகொண்டார்கள் என்பதைக் காட்டியது.

சுற்றின் மிகச் சிறந்த வகுப்பு, செய்தியை ஆராய்வது பற்றியது. நம்பத்தகாதவன் ஒரு செய்தியோடு வந்தால் தீர விசாரியுங்கள், இல்லையெனில் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டு, பிறகு வருந்துவீர்கள் என்கிறது வசனம் (49:6). ஸகாத் என்னும் கட்டாயத் தர்மத்தை வசூலிக்க நபியால் அனுப்பப்பட்டவர், தம்மை வரவேற்கத் திரண்டு வந்த பனூ முஸ்தலிக் குலத்தாரைக் கண்டு அஞ்சிப் பாதிவழியில் திரும்பி, அவர்கள் தர மறுத்ததாக மதீனாவில் சொல்லிவிட்டார் என்பதே விரிவுரையாளர்கள் பலர் இதற்குத் தரும் பின்னணி. ஒருவருடைய அவசரத்தால் ஒரு குலத்தின் மீதே படை சென்றிருக்கும். இதோடு, ‘கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும்’ என்று இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பில் முன்னுரைப் பகுதியில் இடம்பெறும் நபிமொழியையும் சேர்த்துப் படித்தார்கள். பிறகு பேச்சு நம் மலைப்பாதைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பர்லியாறுக்கும் காட்டேரிக்கும் இடையில் எங்கோ மண் சரிந்து பாதை அடைபட்டதாக வாட்ஸ்அப்பில் படம் வரும். படம் எந்த ஆண்டுடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு பழைய படத்தை நம்பி மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி ஏற்றும் வண்டியை நிறுத்திவைத்து, மண்டியில் அன்றைய ஏலத்தைத் தவறவிட்டதாக ஒரு விவசாயி சொன்னார். அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லையே என்று ஒரு கல்லூரி மாணவர் வாதாடினார். அந்த நபிமொழியில் எண்ணம் பற்றிய பேச்சே இல்லை, கேட்டதையெல்லாம் பேசினாலே போதும் என்றுதான் இருக்கிறது என்பதை ஹஜ்ரத் பொறுமையாக எடுத்துக்காட்டிய விதத்துக்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம்.

நிதானத்தைப் பற்றிய வகுப்பு சுருக்கமானது. அப்துல் கைஸ் குலத்தின் தூதுக்குழு மதீனா வந்தபோது, மற்றவர்கள் வாகனங்களைவிட்டு இறங்கி நபி (ஸல்) அவர்களிடம் ஓட, அஷஜ்ஜ் என்பவர் மட்டும் நின்று, உடை மாற்றிக்கொண்டு, பிறகு வந்தார். பொறுமை, நிதானம் ஆகிய இரண்டு பண்புகளை அல்லாஹ் விரும்புகிறான், அவை உம்மிடம் உள்ளன என்று அவரிடம் நபி சொன்னார்கள்.

பிறருடைய மடமையை எதிர்கொள்வது எப்படி என்ற பகுதியில்தான் விவாதம் சூடுபிடித்தது. அறிவிலிகள் பேச்சுக்கு இழுக்கும்போது அளவற்ற அருளாளனின் அடியார்கள் ‘ஸலாம்’ என்று சொல்லிவிடுவார்கள் என்னும் வசனத்தை (25:63) விளக்கியதும், எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், “ஹஜ்ரத், தப்பு நம்ம மேல இல்லாதப்பவும் வாய மூடிக்கிட்டா, எதிராளி ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?” என்று கேட்டார். “பாய், அதே கேள்விக்கு அபூபக்கர் (ரலி) அவர்களுக்கே பதில் கிடைச்சிருக்கு” என்று தொடங்கி, அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ள நிகழ்ச்சியை ஹஜ்ரத் சொன்னார். நபி உடனிருக்கும்போதே ஒருவர் நபியின் நெருங்கிய தோழரான அபூபக்கரை ஏசுகிறார். இரண்டு முறை பொறுத்த அவர், மூன்றாம் முறை பதில் கொடுத்ததும் நபி எழுந்துவிடுகிறார்கள். வானவர் ஒருவர் உம் சார்பில் மறுத்துக்கொண்டிருந்தார், நீர் வாய் திறந்ததும் ஷைத்தான் வந்துவிட்டான் என்பதே அவர்கள் சொன்ன காரணம். பெரியவர் முழுக்கச் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை. ஹஜ்ரத்தும் அவரை வற்புறுத்தவில்லை. சீசனில் கடைவாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டுச் சண்டைக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளைப் பற்றி ஒரு கடைக்காரர் கேட்டபோது, பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியின் மீது பாய்ந்தவர்களைத் தடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்ன நபியின் செயலை எடுத்துக்காட்டினார். அறியாமல் செய்பவனுக்கு அது பொருந்தும். வாகனம் நிறுத்தக்கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டே நிறுத்துபவனுக்கும் பொருந்துமா என்பது பேசப்படவில்லை. பேசியிருக்கலாம்.

குறையென்று சொன்னால், பணம் தொடர்பான விவேகத்தை ஒரே மாலையில் ஓட்டிவிட்டார்கள். அறிவு முதிராதோரிடம் சொத்தை ஒப்படைக்காதீர்கள், ஆயினும் அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் தந்து அழகாகப் பேசுங்கள் என்ற வசனம் (4:5) மட்டுமே ஒரு வகுப்புக்குத் தகும். ‘நம்பிக்கையாளன் ஒரே பொந்தில் இரண்டு முறை கொட்டப்படமாட்டான்’ என்ற நபிமொழியோடு சேர்த்துச் சொல்லப்படும் அபூ அஸ்ஸாவின் கதையும், அதாவது பத்ர் போரில் சிறைப்பட்டு, இனிப் போருக்கு வரமாட்டேன் என்று வாக்களித்து ஈட்டுத்தொகையின்றி விடுதலையாகி, மீண்டும் உஹத் போரில் பிடிபட்ட கவிஞனின் கதையும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மன்னிப்பது வேறு, ஏமாறுவது வேறு என்பதை விரிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சீட்டுக்கும் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தவிப்பவர்கள் நிறைந்த ஊரில் இது வெறும் ஏட்டுப் பொருள் அல்ல.

இதைவிடப் பெரிய குறை, வகுப்பின் முடிவில் தரப்படும் அச்சிட்ட தாளில் இருக்கிறது. ‘அறிவாளியின் நாக்கு அவன் இதயத்துக்குப் பின்னால் இருக்கிறது, மூடனின் இதயம் அவன் நாக்குக்குப் பின்னால் இருக்கிறது’ என்ற வாக்கை அதில் நபிமொழி என்று போட்டிருக்கிறார்கள். அது ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷரீஃப் ரளீ தொகுத்த ‘நஹ்ஜுல் பலாகா’ என்னும் நூலில் நபியின் தோழரும் மருமகனுமான அலீ (ரலி) அவர்களின் கூற்றாக வருவது. செய்தியை ஆராய்ந்து சொல் என்று கற்பிக்கும் வகுப்பு, தன் தாளிலேயே யார் சொன்னது என்று ஆராயாமல் அச்சடிப்பது பொருந்தவில்லை. நபிமொழி, தோழர்களின் கூற்று, பிற்கால அறிஞர்களின் வாக்கு ஆகிய மூன்றையும் மூன்று தலைப்பின்கீழ் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூலின் பெயரைப் போட்டாலே போதும். தாளில் இடம் நிறையவே இருக்கிறது.

பெண்களுக்குத் தனி அறையும் ஒலிபெருக்கியும் உண்டு; ஒலி தெளிவாக இல்லை என்றும், எழுதி அனுப்பும் கேள்விகள் கடைசியில் நேரமிருந்தால்தான் படிக்கப்படுகின்றன என்றும் என் வீட்டில் சொன்னார்கள். முஸ்லிம் அல்லாத நண்பர்கள் சிலரும் வந்து கேட்கிறார்கள். அரபுச் சொற்களை ஹஜ்ரத் உடனுக்குடன் தமிழில் சொல்லிவிடுவதால் அவர்களுக்குச் சிரமமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் இவ்வளவு சர்க்கரை போட்ட தேநீரை ஏன் தருகிறார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. இஷாவுக்குப் பின் கோத்தகிரிப் பக்கம் பேருந்து குறைவு என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கூட வருவோரின் வண்டியில் இடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாடியின் ஒரு ஜன்னல் சரியாக மூடுவதில்லை, சுவரோரமாக உட்காருங்கள்.